கதை பாதியில் நின்றுபோனால் திறமை இல்லை என்று அர்த்தமா?

எழுதும் திறமை தனக்கு இருக்கிறதா என்று ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எழுதியிருப்பதைப் படித்தால் உங்களை உண்மையில் வாட்டுவது வேறொன்று என்று தெரிகிறது. மூன்று வருடமாகக் கதைகளைத் தொடங்குகிறீர்கள். ஐந்தாறு பக்கம் வேகமாக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. சில நாள் கழித்து எடுத்துப் படித்தால் மட்டமாகத் தெரிகிறது, அதை மூடி வைத்துவிட்டுப் புதிய கதைக்குப் போகிறீர்கள். வயது 38, முழுநேர வேலை, தினமும் எழுத முடியவில்லை, இனி இது நடக்குமா என்ற பயம். ஆகவே கேள்வி இதுதான்: கதை ஏன் நடுவில் நிற்கிறது, அதை எப்படி முடிப்பது? இதற்குப் பதில் சொல்ல முடியும். திறமை பற்றிய கேள்விக்குச் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

பல ஆண்டுகளாக இதழ்களுக்கு வரும் சிறுகதைகளைப் படித்துத் தேர்வு செய்கிறேன். நாவல்களுக்கு எடிட்டிங்கும் செய்கிறேன். சொல்லப்போவது எல்லாம் அந்தப் பழக்கத்தில் வந்தது. திரைக்கதையும் வாரத் தொடரும் வேறு தொழில்கள். இங்கே சொல்வதை அங்கே அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கதையைத் தொடங்க வைப்பது பெரும்பாலும் ஒரு காட்சி, ஒரு மனநிலை, எங்கோ பார்த்த ஒரு முகம். அதில் இருக்கும் சூடு ஐந்தாறு பக்கத்துக்குப் போதும். அதற்கு மேல் போக யாராவது எதையாவது விரும்ப வேண்டும், அந்த விருப்பம் எங்காவது முட்ட வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். அம்மா இறந்துபோய்விட்டாள். அவள் தனியாக இருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய மகன் வருகிறான். நல்ல தொடக்கம்தான். அலமாரி, பழைய போட்டோக்கள், மூடிக் கிடந்த அறையின் வாசனை என்று பக்கங்கள் தானாக நிரம்பும். ஏழாவது பக்கத்தில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பழசை நினைக்க ஆரம்பிப்பான். அங்கே நின்றுவிடும். எழுதுகிறவர் தனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று நினைப்பார். உண்மையில் அந்த மகனுக்கு அன்றைக்கு எதுவும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இப்போது இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள். மாலைக்குள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் அன்றைக்கே வருகிறான். அம்மா இரண்டு பேரிடமும் தனித்தனியாக, ‘என் தையல் மெஷின் உனக்குத்தான்’ என்று சொல்லியிருக்கிறாள். இருவருக்குமே தைக்கத் தெரியாது. இனி இந்தக் கதை நிற்காது. அடுத்து என்ன எழுதுவது என்று தேட வேண்டிய அவசியமே இருக்காது.

நின்றுபோன கதை ஒவ்வொன்றையும் எடுத்து மூன்றே கேள்வி கேளுங்கள். இதில் யாருக்கு என்ன வேண்டும்? அது ஏன் நேற்றும் இல்லாமல் நாளையும் இல்லாமல் இன்றைக்கு வேண்டும்? அது கிடைத்தால் அந்த ஆள் எதை இழப்பான்? மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி. மெஷினை எடுத்துக்கொண்டால் அண்ணனோடு மறுபடி பேசக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் போய்விடும். விட்டுக்கொடுத்தால் அம்மா தன்னிடம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டதாகும். இப்படி இரண்டு பக்கமும் நஷ்டம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கதையின் நடுப்பகுதி கையில் இருக்கிறது என்று பொருள். எல்லா நல்ல கதையும் இப்படித்தான் அமையும் என்று சொல்ல மாட்டேன். மனநிலையை மட்டுமே வைத்துக்கொண்டு நிற்கும் அருமையான கதைகள் உண்டு. ஆனால் அது கைபழகியவர்களுக்கே அபூர்வமாகத்தான் கைகூடுகிறது. முதல் கதையை முடிக்கத் திணறுகிறவர் அந்த வழியில் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே தீர்ப்பும் சொல்லிவிடுகிறீர்கள். ‘எடுத்துப் படித்தால் மட்டமாக இருக்கிறது’ என்கிறீர்கள். மட்டமாகத்தான் இருக்கும். முதல் வரைவு எல்லோருக்கும் அப்படித்தான். நீங்கள் அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அச்சில் வந்த கதையோடு. அந்தக் கதை எத்தனை முறை அடித்துத் திருத்தப்பட்டது என்பது அச்சில் தெரியாது. ‘போரே நீ போ’ என்று தமிழில் வந்த நாவலின் கடைசிப் பக்கத்தைத் திருப்தி வரும்வரை 39 முறை திருத்தி எழுதியதாக எர்னெஸ்ட் ஹெமிங்வே 1958-ல் வந்த ஒரு பேட்டியில் சொன்னார். அந்த நாவல் வந்தது 1929-ல். அதற்கு முன்பே அவர் பேர் வாங்கிய எழுத்தாளர். அப்படிப்பட்டவருக்கே ஒரு பக்கம் அத்தனை முறை சரிவரவில்லை என்றால், நம் முதல் வரைவு பல்லிளிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதனால் வரைவு முடியும்வரை தொடக்கத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். தொடர்ச்சிக்காகக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேலே எழுதுங்கள். ஓர் இடம் வரவில்லை என்றால் ‘இங்கே அண்ணன் வருவதற்கு முன்னால் ஏதோ ஒன்று வேண்டும்’ என்று ஒரு வரி குறித்துவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் எழுத்தாளனுக்குரிய சுணக்கத்தோடு அரைநாள் பெயர் தேட வேண்டாம், ‘பக்கத்து வீட்டு ஆள்’ என்றே போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு கோணலாக வந்தாலும் கடைசி வரிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், எனக்கு வரும் கைப்பிரதிகள். புதியவர்களின் கதைகளில் முதல் பக்கம் பல சமயம் நன்றாகவே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில்தான் எல்லாம் சரிகிறது. யாராவது செத்துப்போகிறார்கள், அல்லது நடந்தது கனவாகிவிடுகிறது, அல்லது அதுவரை மறைத்து வைத்திருந்த ஒரு தகவல் தூக்கிப் போடப்படுகிறது. திறமைக் குறைவு என்று இதை நான் எடுத்துக்கொள்வதில்லை. தொடக்கத்தை எழுதி எழுதிக் கை பழகியிருக்கிறது, முடிவை எழுதியதே இல்லை. கதையை முடிக்கக் கற்றுக்கொள்ள, முடிப்பதைத் தவிர வேறு வழி நான் பார்த்ததில்லை. நீங்கள் தொடங்கி விட்ட எல்லாக் கதைகளையும்விட, சுமாராக முடித்த ஒரே கதை உங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும். இதை உறுதியாகவே சொல்கிறேன்.

முடித்தபின் இரண்டு மூன்று வாரம் அதைத் தொடாமல் வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ, எங்கே உங்களுக்கே சலித்து வேகமாகப் படிக்கிறீர்களோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு. திருத்துவது என்றால் என்ன என்பதைச் சும்மா சொன்னால் புரியாது, மேலே சொன்ன கதையிலேயே ஒரு பத்தியை எடுத்துக்கொள்கிறேன். முதல் வரைவு இப்படி வந்திருக்கும்:

‘வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் நினைவு அவன் நெஞ்சை அடைத்தது. எங்கு பார்த்தாலும் வெறுமை. அம்மா இல்லாத வீடு வீடாகவே இல்லை. கண்களில் நீர் முட்டியது. காலம் எவ்வளவு கொடியது என்று நினைத்துக்கொண்டான்.’

இலக்கணத்தில் தப்பில்லை, உணர்ச்சியும் பொய்யில்லை. ஆனால் இந்த ஐந்து வாக்கியத்தையும் எந்த அம்மா இறந்த எந்தக் கதையிலும் ஒட்டலாம். திருத்தியபின்:

‘மெஷின் மேல் ஒரு சட்டை பாதி தைத்தபடி கிடந்தது. ஊசி துணிக்குள் இறங்கியே இருந்தது. கைச்சக்கரத்தைத் திருப்பி ஊசியை மேலே தூக்கினான். சட்டையை உருவியபோது நூலும் கூடவே வந்தது. பல்லால் கடிக்கப் போனவன் நிறுத்திவிட்டு டிராயரைத் திறந்தான். கத்தரிக்கோல் அங்கேதான் இருந்தது.’

அழுகை, வெறுமை, காலம் எதுவும் இதில் இல்லை. பல்லால் நூலைக் கடித்தால் அம்மா திட்டியிருப்பாள் என்பதுகூட எழுதப்படவில்லை. வாசகர் அதைத் தானே சேர்த்துக்கொள்வார், சேர்த்துக்கொள்ளும் அந்தக் கணத்தில்தான் அவருக்குத் துக்கம் வரும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதைக் கேட்டதும் சிலர் அறையில் உள்ள சாமான் அத்தனையையும் பட்டியல் போட ஆரம்பிக்கிறார்கள். ஊசியும் நூலும் இங்கே எடுபடுவது, அந்த மெஷின்தான் அண்ணன் தம்பி தகராறின் பொருள் என்பதால். சுவரில் தொங்கும் காலண்டரை வருணித்திருந்தால் அது வெறும் காலண்டர்.

உரையாடலில் தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. விவரிப்பு எழுத்துத் தமிழில் ஓடுகிறது. பேச்சு அதிலிருந்து இறங்கி வாய்மொழிக்கு வர வேண்டும். புதியவர்கள் பலர் இறங்குவதில்லை. ‘அண்ணா, தாங்கள் எப்போது வந்தீர்கள்?’ என்று ஒரு தம்பி கேட்டால் கதை அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிடும். அதே சமயம் ஒவ்வொரு ஒலியையும் பதிவு செய்கிறேன் என்று கிளம்பினால், அந்த வட்டாரத்துக்கு வெளியே இருப்பவர் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். எந்த அளவில் நிறுத்துவது என்பதற்கு விதி கிடையாது. நல்ல எழுத்தாளர்களே இதில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. பேச்சின் தாளமும் சொல்லின் முடிவும் சரியாக இருந்தால் போதும் என்பது என் கட்சி. அதைவிட முக்கியமானது, ஆட்கள் தங்கள் மனதில் இருப்பதை நேரடியாகப் பேசாமல் இருப்பது:

‘எப்ப வந்த?’

‘காலையிலயே.’

‘சாவி யார்கிட்ட இருக்கு?’

‘எங்கிட்டதான். ஏன்?’

‘சும்மா கேட்டேன். மாடிப்படி திரும்புற இடத்துல மெஷின் இடிக்கும். ரெண்டு பேர் பிடிச்சாத்தான் இறங்கும்.’

அண்ணன் மெஷினைக் கேட்கவே இல்லை. ஆனால் அதை எடுத்துப் போவதைப் பற்றி வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருக்கிறான் என்பதும், தம்பியின் உதவி இல்லாமல் அது முடியாது என்பதும் வெளியே வந்துவிட்டது. உங்கள் கதையில் ஓர் உரையாடல் சப்பென்று இருந்தால், பேசுகிறவர்கள் எதை மறைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தினமும் எழுதியே ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இதில் அடித்துச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ஆண்டனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேஜைக்கு வருவார். எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கு வைத்து எழுதுவார். அவர் இறந்த மறு வருடம், 1883-ல் வெளிவந்த சுயசரிதையில் இதை அவரே சொல்லியிருக்கிறார். இப்படி எழுதி 47 நாவல்கள். அது அவருக்கு வாய்த்தது. மாதக்கணக்கில் எதுவும் எழுதாமல் இருந்துவிட்டு ஒரே மூச்சில் எழுதி முடிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் எழுத்தும் நிற்கிறது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இதைவிடச் சின்ன விஷயம்: இடைவெளி நீண்டால் கதை மனதில் ஆறிப்போகும், மறுபடி அதற்குள் நுழையவே ஒரு நாள் போய்விடும். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் என்றாலும் அதே கதையோடு இருங்கள். அடுத்த வாக்கியம் என்ன என்று தெரிந்திருக்கும்போதே எழுந்துவிடுவது நல்ல பழக்கம். ஹெமிங்வேயும் இதைச் சொல்லியிருக்கிறார், நான் வேலை செய்த பலரும் இப்படிச் செய்து பலன் கண்டிருக்கிறார்கள். திட்டம் போட்டு எழுதுவதா, போகிற போக்கில் எழுதுவதா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். இதுவரை போகிற போக்கில் எழுதித்தான் நின்றிருக்கிறது என்றால், ஒரு கதைக்குக் கடைசிக் காட்சியை முதலில் எழுதிப் பாருங்கள். பிறகு அது மாறினாலும் பரவாயில்லை.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். டோனி மாரிசனின் முதல் நாவல் 1970-ல் வந்தபோது அவருக்கு 39 வயது. பதிப்பகத்தில் வேலை, தனியாக வளர்க்க இரண்டு மகன்கள். பெனலோப் ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் நாவல் வந்தது 1977-ல், 60 வயதில். இரண்டே வருடத்தில் புக்கர் பரிசு வாங்கினார். நம் கி. ராஜநாராயணன் எழுத வந்தது முப்பது வயதைக் கடந்த பிறகு, பள்ளிப் படிப்பையும் முடிக்காதவர். தொண்ணூறைத் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தார். இதிலிருந்து உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 38 வயது தடையில்லை என்பது மட்டும் நிச்சயம்.

வாசிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. நிறையப் படியுங்கள் என்பதைவிட, பிடித்த ஒரு சிறுகதையை மூன்று முறை படியுங்கள் என்பேன். மூன்றாவது முறை பென்சிலோடு. நேரம் எங்கே தாண்டுகிறது, எந்தத் தகவல் தாமதமாக வருகிறது, ஆசிரியர் எதை எழுதாமல் விட்டார் என்று குறித்துக்கொண்டே போங்கள். ஒரு மாலையில் இது கற்றுக்கொடுப்பதைப் பயிற்சி வகுப்புகளில் பெறுவது சுலபமில்லை. வகுப்புகள் வீண் என்பதில்லை, கெடுவோடும் கூட எழுதுகிறவர்களோடும் இருப்பது சிலருக்குப் பெரிய உந்துதல்.

எழுதியதைக் காட்ட இரண்டு பேர் போதும், அவர்கள் கதை படிக்கிற பழக்கம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். எங்கே கீழே வைக்கத் தோன்றியது, எந்த இடத்தில் யார் பேசுகிறார்கள் என்று குழம்பியது என்று கேளுங்கள். அவர்கள் தடுக்கி விழுந்த இடத்தை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று அவர்கள் சொல்வதை அவ்வளவு தூரம் எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்குள் அவர்கள் தங்கள் கதையை எழுத ஆரம்பித்திருப்பார்கள். வீட்டு ஆட்களிடம் முதலில் காட்டாமல் இருப்பது நல்லது. கதையில் தங்களைத் தேடுவார்கள், கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் சுதந்திரமாக எழுத மாட்டீர்கள்.

அனுப்பும்போது இதழைப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒரு இதழில் பரிசீலனையில் இருக்கும்போது, அவர்களே அனுமதித்திருந்தால் தவிர, அதே கதையை இன்னொன்றுக்கு அனுப்ப வேண்டாம். திரும்பி வந்தால் மனசு உடையத்தான் செய்யும். ஆனால் கதைகளைத் திருப்பி அனுப்புகிற வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இடம் இல்லாமல், நீளம் பொருந்தாமல், அதே மாதிரிக் கதை போன மாதம்தான் வந்தது என்பதால் நல்ல கதைகளும் திரும்பிப் போகின்றன. ஒரு மறுப்பிலிருந்து எதையும் தீர்மானிக்க முடியாது. காரணம் எழுதி ஒரு வரி வந்திருந்தால், யாரோ உங்கள் கதையின்மேல் நேரம் செலவழித்திருக்கிறார் என்று அர்த்தம். அவருக்கே அடுத்த கதையை அனுப்புங்கள்.

இனி திறமை. ஒருவர் எழுத்தாளராக வருவாரா மாட்டாரா என்பதை நாலு பக்கம் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பிரமாதமாகத் தொடங்கியவர்கள் காணாமல்போனதையும், சாதாரணமாகத் தொடங்கியவர்கள் நாலாவது ஐந்தாவது கதையில் திடீரென்று எழுந்ததையும் பார்த்திருக்கிறேன். எழுந்தவர்கள் எல்லோருமே முடித்தவர்கள், முடித்ததைத் திருத்தியவர்கள். மற்றபடி அவர்களுக்குள் பொதுவான குணம் என்று ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

கேள்வியின் கீழே ஒரு கதையின் தொடக்கத்தை ஒட்டியிருந்தீர்கள். ஒரு பெண் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த கடிதத்தைத் தெரியாமல் பிரித்துவிட்டு, உறையை மறுபடி ஒட்டப் பார்க்கிறாள். பசை ஈரமாக இருக்கும்போது உறை சுருங்குவதையும், அவள் அதன்மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்துவிட்டு மணி பார்ப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடம் நன்றாக இருக்கிறது, உங்களை உற்சாகப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் இதை முடியுங்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்பது ஏற்கெனவே இருக்கிறது, அவர் மாலையில் வீட்டுக்குத் திரும்புவார் என்பதால் கெடுவும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, அல்லது அவள் அதைப் படித்தாளா என்பதை முடிவு செய்யவில்லை. ஒன்பதாவது பத்தியில் அவள் சம்பந்தமே இல்லாமல் தன் கல்லூரி நாட்களை நினைக்கத் தொடங்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பத்தியை வெட்டிவிடுங்கள். கடிதத்தை ஒரு தனித்தாளில் முழுசாக எழுதுங்கள், கதையில் அதில் ஒரு வரிகூட வராமல் போனாலும் சரி. பிறகு அவர் வந்து கதவைத் தட்டும் காட்சியை எழுதுங்கள். அவள் உறையை நீட்டுவாளா, அல்லது எதுவும் வரவில்லை என்பாளா என்று அப்போது உங்களுக்குத் தெரிந்துவிடும்.